லா போசா, குவார்ட்ஸைட்: ஆர்வி கிளப் முகாம் நடத்தியவரின் பார்வையில்

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆர்வி எனப்படும், படுக்கையும் சமையலறையும் கழிப்பறையும் உள்ள வண்டிகள் பத்துப் பன்னிரண்டு சேர்ந்து போடும் கிளப் முகாமுக்கு, அரிசோனாவில் குவார்ட்ஸைட் ஊருக்குத் தெற்கே இருக்கும் லா போசா அளவுக்குத் தோதான இடத்தை நான் பார்த்ததில்லை. அங்கே மின்சாரமும் கிடையாது, வண்டிக்கு வண்டி குழாயும் கிடையாது, சாக்கடை இணைப்பும் கிடையாது. இது தெரிந்தும்தான் சொல்கிறேன்.

எங்கள் கிளப்பில் பெரும்பாலும் ஓய்வுபெற்ற அமெரிக்கர்கள். தமிழ்க் குடும்பம் நாங்கள் ஒன்றுதான். ஃபீனிக்ஸ் பக்கம் சாண்ட்லரில் வீடு. இருபத்தேழு அடி டிராவல் டிரெய்லர், அதை இழுக்க ஒரு பிக்கப். கிளப்பில் ஒவ்வொரு முகாமுக்கும் ஒரு குடும்பம் ‘வேகன் மாஸ்டர்’ ஆக வேண்டும். இடம் பிடிப்பது, வண்டிகளை நிறுத்தவைப்பது, சாப்பாட்டுக் கணக்கு, சண்டை வந்தால் சமாதானம் என்று எல்லாம் அவர்கள் பொறுப்பு. 2024 ஜனவரி முகாம் எங்கள் தலையில் விழுந்தது. அதனால் இந்த விமர்சனம் சும்மா போய்ப் படுத்துவிட்டு வந்தவர் எழுதுவது இல்லை. பதினோரு வண்டிகளின் தண்ணீருக்கும் கழிவுக்கும் பதில் சொன்னவர் எழுதுவது. தனியாக ஒரு வண்டியில் போகிறவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது.

முதலில் இடத்தைப் பற்றி. கலிஃபோர்னியா எல்லையிலிருந்து இருபது மைல் தூரத்தில், ஐ-10 நெடுஞ்சாலையும் யு.எஸ். 95-ம் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது குவார்ட்ஸைட். நிரந்தரமாக வசிப்பவர்கள் சுமார் 2,400 பேர். குளிர்காலம் வந்தால் அமெரிக்காவின் வடக்கிலிருந்தும் கனடாவிலிருந்தும் ஆர்வி வண்டிகள் இறங்கத் தொடங்கும். சுற்றிலும் உள்ள பாலைவனம் மத்திய அரசின் நில மேலாண்மைத் துறைக்கு, அதாவது பி.எல்.எம்.முக்குச் சொந்தம். அந்தத் துறை 1983-ல் தொடங்கிய நெடுநாள் தங்குமிடங்களில் ஒன்றுதான் லா போசா. வடக்கு, தெற்கு, மேற்கு, டைசன் வாஷ் என்று நான்கு பகுதிகள். பரப்பு பதினோராயிரம் ஏக்கருக்கு மேல். எண் போட்ட இடம் என்று ஒன்றும் கிடையாது. நுழைவாயிலில் அனுமதிச் சீட்டு வாங்கி, பிடித்த இடத்தில் போய் நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

கட்டணம்: செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரையிலான முழு சீசனுக்கு 180 டாலர், தொடர்ந்து 14 நாளுக்கு 40 டாலர். இது நாங்கள் போனபோது இருந்த கணக்கு. கிளம்பும் முன் இன்றைய விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் 14 நாள் சீட்டுதான் எடுத்தோம். அடுத்தடுத்து இரண்டு வார இறுதிகளுக்கும் அதுவே போதும்.

ஊரைச் சுற்றி இலவச இடங்களும் உண்டு. டோம் ராக், ப்ளமோசா சாலை, ஸ்காடன் வாஷ், ஹை ஜாலி என்று பட்டியல் நீளும். அங்கே 14 நாள் வரை காசில்லாமல் தங்கலாம். எங்கள் கிளப்பில் சிக்கனக்காரர்கள் அதிகம், “இலவசம் இருக்கும்போது நாற்பது டாலர் எதற்கு?” என்று மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல் வந்தது. கேள்வி நியாயமானதுதான். ஆனால் இலவச இடங்களில் தண்ணீரும் இல்லை, வண்டியின் கழிவுத் தொட்டியைக் காலி செய்யும் டம்ப் ஸ்டேஷனும் இல்லை, குப்பைத் தொட்டியும் இல்லை. லா போசா தெற்குப் பகுதியில் மூன்றும் இருக்கின்றன. ஒரே வண்டி என்றால் இலவச இடத்துக்குப் போய்விட்டு, ஊருக்குள் காசு கொடுத்துத் தண்ணீர் பிடித்துக்கொள்ளலாம். பதினோரு வண்டி, அதில் பாதிப் பேர் எழுபதைத் தாண்டியவர்கள் என்றால் நாற்பது டாலர் கொடுங்கள், வாதாடாதீர்கள்.

ஏன் இந்த இடத்தை இவ்வளவு சிபாரிசு செய்கிறேன் என்றால், முன்பதிவு என்ற தலைவலியே இல்லை. இதற்கு முந்தைய முகாம் ஆற்றங்கரையில் ஒரு தனியார் ஆர்வி பார்க்கில் நடந்தது. பெயர் வேண்டாம். குழுக் கட்டணம் வேண்டுமென்றால் குறைந்தது பத்து இடமாவது எடுக்க வேண்டும், முன்பணம் திரும்பாது என்றார்கள். கடைசி வாரம் ஒருவருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை, இன்னொருவர் வீட்டில் பேரப்பிள்ளை பிறந்தது. எண்ணிக்கை பத்துக்குக் கீழே போனதும் குழுக் கட்டணமும் போய்விட்டது. அத்தோடு நின்றதா என்றால் இல்லை. ‘எல்லோருக்கும் அடுத்தடுத்த இடம்’ என்று தொலைபேசியில் சொன்னது அங்கே போய்ப் பார்த்தால் மூன்று வரிசைகளில் சிதறிக் கிடந்தது. காபி குடிக்க ஒருவர் இன்னொருவர் வண்டியைத் தேடிக்கொண்டு நடந்தோம். லா போசாவில் யாராவது வரவில்லையா, வரவில்லை, அவ்வளவுதான். கடைசி நிமிடத்தில் கூடுதலாக ஒரு வண்டி வந்தாலும் வட்டத்தைக் கொஞ்சம் அகலமாக்கினால் சரியாகிவிடும்.

வட்டம் என்றேன் அல்லவா, இந்த இடத்தின் பெரிய சுகமே அதுதான். பார்க்குகளில் வண்டிகள் எல்லாம் ஒரே திசை பார்த்து நிற்கும், ஒருவர் வாசல் அடுத்தவரின் கழிவுக் குழாயைப் பார்த்திருக்கும். இங்கே நம் இஷ்டத்துக்கு நிறுத்தலாம். அமெரிக்க ஆர்விகளுக்கு வாசல் வலப்பக்கம். எனவே எல்லோரையும் கடிகாரச் சுற்றில் ஓட்டி வரச் சொன்னால் வாசல்கள் எல்லாம் நடுவே பார்க்கும். நடுவில் நெருப்பு, நாற்காலிகள். இரண்டு வண்டிகளுக்கு இடையே குறைந்தது 15 அடி இருக்க வேண்டும் என்பது விதி. நாங்கள் இருபத்தைந்து, முப்பது அடி விட்டோம். டீசல் வண்டிக்காரர்கள் காலையில் எஞ்சினைச் சூடேற்றும்போது அந்த இடைவெளியின் அருமை தெரியும்.

குளிர்காலத்தில் அங்கே வாடைக்காற்றுதான் அதிகம். அதனால் கிளாஸ் ஏ எனப்படும், பஸ் மாதிரி நாற்பது அடி நீளமுள்ள மூன்று வண்டிகளை வடக்குப் பக்கம் சுவர் மாதிரி நிறுத்தினோம். தெற்கே வாய் திறந்த லாட வடிவம் வந்தது. வெயிலும் உள்ளே விழுந்தது, தரையில் விரித்த சோலார் பலகைகளுக்கும் தெற்குத் திசை கிடைத்தது. ஞாயிறன்றே கிளம்ப வேண்டியவர்களை வாய்ப்பக்கம் நிறுத்திவிட்டால், அவர்கள் மற்றவர்களை எழுப்பாமல் போகலாம். இதையெல்லாம் நான் ஒரு காகிதத்தில் படம் போட்டு வைத்திருந்தேன். என் கணவர் அதைப் பார்த்துவிட்டு, “கல்யாணப் பந்திக்குக்கூட நீ இவ்வளவு யோசிக்கலையே” என்றார். பந்தியில் யாரும் ஜெனரேட்டர் போடுவதில்லையே!

தரையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பெரும்பாலும் கெட்டியான, சின்னச் சின்னக் கருங்கற்கள் பரவிய தரை. பெரிய வண்டிக்கும் தாங்கும். ஆனால் குறுக்கே வாஷ் எனப்படும் வறண்ட ஓடைகள் ஓடுகின்றன. பார்க்க மெத்தென்று மணலாக, ‘இங்கே நிறுத்து’ என்று அழைக்கும். ஃபிஃப்த் வீல், அதாவது பிக்கப்பின் முதுகில் பூட்டி இழுக்கும் பெரிய டிரெய்லர், அதில் இறங்கினால் ஏறாது. தூரத்து மலையில் மழை பெய்தால் தண்ணீர் வரும் வழியும் அதுதான். இடம் பார்க்க ஒரு வண்டியை இரண்டு நாள் முன்னாலேயே அனுப்பிவிட வேண்டும். நாங்கள் வியாழனன்றே போய் நடந்து பார்த்தோம். எண் இல்லாத இடம் என்பதால் வரைபடப் புள்ளியை எல்லோருக்கும் அனுப்பினோம். கூடவே, மண்பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் காகிதத் தட்டில் அம்புக்குறி வரைந்து குச்சியில் நட்டு வைத்தோம். கிளம்பும்போது அத்தனையையும் பிடுங்கி எடுத்தோம். அந்தப் புள்ளியின் அட்சரேகை, தீர்க்கரேகையை ஒவ்வொரு வண்டியின் குளிர்பெட்டிக் கதவிலும் ஒட்டச் சொன்னேன். அவசரம் என்று 911-ஐ அழைத்து “பாலைவனத்தில் ஒரு பாலோ வெர்டே மரத்துக்குப் பக்கத்தில்” என்று சொல்ல முடியாது. அரிசோனா பக்கத்தில் கிட்டத்து மருத்துவமனை பார்க்கர் ஊரில், முப்பத்தைந்து மைல்.

நேரத்தையும் சொல்லிவிட வேண்டும். குளிர்காலத்தில் அரிசோனா நேரம் கலிஃபோர்னியாவைவிட ஒரு மணி முன்னால். கலிஃபோர்னியாவிலிருந்து வந்தவர்கள் ‘நாலு மணிக்கு வந்துவிட்டோம்’ என்று சிரித்துக்கொண்டே இறங்கியபோது இங்கே மணி ஐந்து, ஹேப்பி ஹவர் முடியும் நேரம். ஜனவரியில் ஆறு மணிக்குள் சூரியன் போய்விடும். இருட்டில் ஒரு ஃபிஃப்த் வீலை வட்டத்துக்குள் பின்னோக்கி விடுவதை யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். அழைப்புத் தாளில் ‘அரிசோனா நேரம்’ என்று கொட்டை எழுத்தில் போடுங்கள்.

இனி தண்ணீர். முகாம் நன்றாக நடக்குமா நடக்காதா என்பது இங்கேதான் முடிவாகிறது. பெரும்பாலான டிரெய்லர்களில் நல்ல தண்ணீர்த் தொட்டி 40 முதல் 60 கேலன். பார்த்துச் செலவழித்தால் இரண்டு பேருக்கு ஒரு நாளைக்கு ஐந்து ஆறு கேலன் போதும். வீட்டுப் பழக்கத்தில் குளித்தால் இரண்டே நாளில் தொட்டி காலி. அதைவிடப் பெரிய தொல்லை கிரே டேங்க், அதாவது குளியலறை, சமையலறைத் தண்ணீர் போய்ச் சேரும் தொட்டி. கழிப்பறைத் தொட்டி நிரம்ப ஒரு வாரம்கூட ஆகும். இது அதற்கு முன்னாலேயே நிரம்பி, குளியலறைத் தரையில் எட்டிப் பார்க்கும். சிலர் ராத்திரியோடு ராத்திரியாகக் குழாயைத் திறந்துவிட்டு மணலில் விட்டுவிடுவார்கள். ‘சோப்புத் தண்ணீர்தானே’ என்பார்கள். லா போசாவில் அதுவும் விதிமீறல்தான். முதல் நாள் கூட்டத்திலேயே இதைச் சொல்லிவிட்டேன். சொல்லாவிட்டால் மூன்றாம் நாள் மூக்கு சொல்லிவிடும்.

இதற்கு நாங்கள் செய்த ஏற்பாடு: என் கணவரின் பிக்கப்பில் 45 கேலன் பிடிக்கும் ரப்பர்ப் பை ஒன்று, கூடவே பன்னிரண்டு வோல்ட்டில் ஓடும் சின்ன பம்பு. தெற்குப் பகுதிக் குழாயில் நிரப்பிக்கொண்டு வந்து, கேட்ட வண்டிக்கு ஊற்றுவார். ஒரு கேலன் தண்ணீர் எட்டு பவுண்டுக்கு மேல்; 45 கேலன் என்றால் 375 பவுண்டு. சின்ன காரில் இந்த வேலைக்கு இறங்காதீர்கள். கழிவுக்குச் சக்கரம் வைத்த நீலத் தொட்டிகள் இரண்டு கிளப்பில் இருந்தன. அதுவும் பிடிக்காதவர்களுக்கு, முகாமுக்கே வந்து உறிஞ்சிக்கொண்டு போகும் லாரிச் சேவை குவார்ட்ஸைட்டில் உண்டு. எங்கள் கிளாஸ் ஏ குடும்பங்கள் அதைத்தான் கூப்பிட்டார்கள். வந்த மனிதர் சுறுசுறுப்பு. ஒரு சொட்டு சிந்தவில்லை. ஆனால் மதியச் சாப்பாட்டு நேரம் பார்த்துதான் வருவார் போலிருக்கிறது.

பாத்திரம் கழுவுவதில் நம்மவர்கள் கொஞ்சம் மாற வேண்டியிருக்கும். குழாயைத் திறந்துவிட்டுத் தேய்க்கும் கை இது. கட்டுப்படுத்த எனக்கே சிரமமாக இருந்தது. காகிதத் தட்டு, சமைத்த பாத்திரத்தை முதலில் காகிதத்தால் துடைத்துவிட்டு அப்புறம் தண்ணீர், இதுதான் முறை. வாழையிலை கிடைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

மின்சாரம். ஜனவரியில் பகலில் 65, 70 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கும், அருமையான வெயில். ராத்திரி 40 டிகிரிக்கு, அதாவது நான்கைந்து செல்சியஸுக்கு இறங்கிவிடும். வண்டியின் ஹீட்டர் புரொப்பேன் வாயுவில் ஓடினாலும் அதன் விசிறிக்கு பேட்டரி வேண்டும். அதோடு, வயதானவர்களில் பலர் தூக்கத்தில் மூச்சுத் திணறலுக்காக சிபேப் எந்திரம் மாட்டிக்கொண்டு படுப்பவர்கள். ராத்திரி 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம், ஜெனரேட்டர் போடக்கூடாது. இது மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும்? நூறு ஆம்ப்-ஹவர் லெட்-ஆசிட் பேட்டரி ஒன்றே ஒன்று வைத்திருப்பவருக்கு, பாதிக்கு மேல் இறக்கக்கூடாது என்ற கணக்கில், விடிகாலை மூன்று மணிக்கு எல்லாம் அணைந்துவிடும். அதனால் பதிவுப் படிவத்தில் ‘ஒவ்வாமை என்ன, நாய் உண்டா’ என்பவற்றோடு ‘சிபேப் உண்டா, பேட்டரி எத்தனை’ என்ற கேள்வியையும் சேர்த்தேன். இரண்டு பேர் மாட்டினார்கள். ஒருவருக்குத் தனியாக ஒரு சின்ன லித்தியம் பேட்டரியைக் கடன் வாங்கிக் கொடுத்தோம். இன்னொருவர் எந்திரத்தில் ஈரப்பதம் உண்டாக்கும் பகுதியை அணைத்துவிட்டுப் படுத்தார். அதுதான் மின்சாரத்தை அதிகம் குடிப்பது. கிளப் முகாம் நடத்தும் யாரும் இந்தக் கேள்வியை விட்டுவிடாதீர்கள்.

ஜெனரேட்டர் நேரத்தைக் கிளப்பே முடிவு செய்தது நல்லதாகப் போயிற்று: காலை 8 முதல் 10, மாலை 4 முதல் 6. மற்ற நேரத்தில் வட்டத்துக்குள் பேச்சுக் குரல் மட்டும்தான். பி.எல்.எம். விதி இதைவிடத் தாராளம். ஆனால் பகல் முழுக்க ஒருவர் ஜெனரேட்டர் ஓடினால் பத்துப் பேர் அவரைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள்.

சாப்பாடு. வெள்ளி இரவு மிளகாய் போட்ட பீன்ஸ்கறி, அவர்கள் சில்லி என்பது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு கிண்ணம் கொண்டுவந்து ஒரே அண்டாவில் கொட்டுவது கிளப்பின் வழக்கம். எனக்கு அது பிடிபடவே இல்லை. பதினோரு வீட்டு ருசியும் சேர்ந்தால் ஒரு ருசியும் இருக்காது என்பது என் கட்சி, யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை காலை எங்கள் முறை: தோசை. கிளப்பில் ஒருவரிடம் பிளாக்ஸ்டோன் கம்பெனியின் 36 அங்குல இரும்புக்கல் அடுப்பு இருந்தது. நான்கு பர்னர். பான்கேக்குக்கும் பேக்கனுக்கும் வாங்கியது. தோசைக்கு இதைவிட நல்ல கல் பாலைவனத்தில் கிடைக்காது, ஒரே நேரத்தில் நான்கு வார்க்கலாம். ஆனால் இரண்டு விஷயம். ஒன்று, காற்றடித்தால் ஒரு பக்கத்து பர்னர் தடுமாறும். அந்தப் பக்கம் தோசை வெளுத்துப் போகும். பிக்கப்பின் பின்கதவை மறைப்பாக நிறுத்திக்கொண்டோம். இரண்டு, அவர்கள் பழக்கத்தில் கல்லை முழுச் சூட்டில் வைத்துவிடுகிறார்கள். மாவு ஊற்றியதும் கரண்டியோடு சுருண்டு வருகிறது. தீயைப் பாதியாக்கி, தண்ணீர் தெளித்து, அரை வெங்காயத்தால் தேய்த்துவிட்டு வார்த்தால் பிரமாதம். மாவை வீட்டிலேயே அரைத்துப் புளிக்கவைத்து, பெட்டியில் போட்டுக் கொண்டுபோய்விட்டேன். அந்தக் குளிரில் அங்கே புளிக்கவைப்பது நடக்காத காரியம். ஞாயிற்றுக்கிழமைக்கென்று எடுத்துப்போன புளிக்காத மாவை மைக்ரோவேவ் பெட்டிக்குள், பக்கத்தில் ஒரு சுடுதண்ணீர் பாட்டிலோடு, மூடி வைத்தேன். ராத்திரியில் பாட்டிலை ஒருமுறை மாற்றியதும் காலையில் பொங்கியிருந்தது. ஒரு பெரியவர் இட்லிப்பொடியை எடுத்து அவருடைய பொரித்த முட்டையின் மேல் தூவிக்கொண்டார். அதிலும் தப்பில்லை.

விறகு பற்றி: லா போசாவுக்குள் மரக்கட்டை பொறுக்கக்கூடாது. அங்கே இருப்பதே கொஞ்சம் அயர்ன்வுட், பாலோ வெர்டே. காய்ந்த கட்டையும் ஏதோ ஒரு உயிருக்கு வீடு. ஊரில் கட்டு கட்டாக விற்கிறார்கள். ஒரு வண்டிக்கு ஒரு கட்டு என்று வசூலித்துவிட்டோம்.

சுற்றிப் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு. கோஃபா தேசிய வனவிலங்குப் புகலிடம் தெற்கே. 95-ல் பதினெட்டு மைல் போய், மண்சாலையில் திரும்பினால் பாம் கேன்யன். அரை மைல் ஏற்றம். செங்குத்தான பாறை இடுக்கில், இந்த வறட்சிக்குச் சம்பந்தமே இல்லாமல், கலிஃபோர்னியா விசிறிப் பனைகள் கும்பலாக நிற்கின்றன. நம் பனைமரத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கழுத்து தன்னால் நிமிரும். பாதை கரடுமுரடு, முட்டி வலிக்காரர்கள் கீழே நின்றே பார்க்கலாம்.

ஊருக்குள் ஹை ஜாலி கல்லறை. 1850-களில் அமெரிக்க ராணுவம் இந்தப் பாலைவனத்தில் சுமை தூக்க ஒட்டகங்களை இறக்குமதி செய்தது. அவற்றோடு வந்த ஒட்டகக்காரர் ஹாஜி அலி. அமெரிக்க வாயில் அது ஹை ஜாலி ஆகிவிட்டது. 1902-ல் இங்கேயே இறந்தார். 1935-ல் அரிசோனா நெடுஞ்சாலைத் துறை அவருக்குக் கல் பிரமிடு ஒன்று கட்டி, உச்சியில் ஒட்டகம் வைத்தது. பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். பல ஆண்டுகளாக அந்த ஊர் வழியாகப் போகிற எங்கள் கிளப்காரர்களில் பாதிப் பேர் அதை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

ஜனவரி பிற்பகுதியில் ஒன்பது நாள் நடக்கும் ஆர்வி கண்காட்சிதான் ஊரின் பெரிய கூத்து. மாபெரும் கூடாரம், உள்ளே சோலார் முதல் துடைப்பம் வரை. அந்த நாட்களில் லா போசா வடக்குப் பகுதி வைகாசி விசாகத்துக்குத் திருச்செந்தூர் மாதிரி இருக்கும். கிளப் முகாமைக் கண்காட்சிக்கு முந்தைய வார இறுதியில் வைத்துக்கொண்டோம். விரும்பியவர்கள் அதே சீட்டில் தங்கிக் கண்காட்சியையும் பார்த்தார்கள், மற்றவர்கள் கூட்டத்துக்கு முன் தப்பித்தார்கள். வடக்கை விட்டுத் தெற்கே தள்ளிப்போனதும் அமைதிக்கும் தண்ணீருக்கும் நல்லதாயிற்று. கூடாரத்தில் விலை மலிவு என்று நம்பிப் போகாதீர்கள். போல்ட்டும் குழாய்ப் பாகமும் மலிவு, சோலார் பொருள்கள் அப்படி ஒன்றும் இல்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. தூசி முதல் குறை. நாலு சக்கரப் பாலைவன வண்டிகளை ஓட்டிக்கொண்டு போகிறவர்கள் மெதுவாகப் போவதே கிடையாது. காலையில் துடைத்த மேசையில் மதியம் விரலால் கோலம் போடலாம். வட்டத்தைப் பாதையிலிருந்து உள்ளே தள்ளிப் போட்டால் கொஞ்சம் குறையும். வாசல் கூரைத் துணியை விரித்துவிட்டு வெளியே போகவே போகாதீர்கள். காற்று சொல்லாமல் வரும். ஊர்க் கடைகளில் மளிகை விலை கூடுதல். பார்க்கர் வால்மார்ட்டில் வாங்கிக்கொண்டு வருவது புத்திசாலித்தனம். கலிஃபோர்னியாவிலிருந்து வருபவர்கள் பெட்ரோலை எல்லை தாண்டி அரிசோனாவில் போடுங்கள்.

யாருக்கு இந்த இடம் ஒத்துவராது? சின்னப் பிள்ளைகள் அதிகமுள்ள கிளப்புக்கு நான் சொல்ல மாட்டேன். நீச்சல் குளம் இல்லை, ஊஞ்சல் இல்லை, தரை முழுக்கக் கல்லும் முள்ளும். ஆக்ஸிஜன் எந்திரத்தில் இருப்பவர்களுக்கும், புதிதாக வண்டி வாங்கி முதல் பயணம் வருபவர்களுக்கும் ஹூக்கப், அதாவது மின்சார, தண்ணீர், சாக்கடை இணைப்பு உள்ள பார்க்தான் சரி. எங்களோடு அப்படிப் புதிதாக ஒரு தம்பதி வந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் அனுபவசாலி ஒருவரை நிறுத்தினோம், அவர் மூன்று நாளும் பள்ளிக்கூடம் நடத்தினார். வாடகை வண்டியில் வருபவர்கள் என்றால் தொட்டி அளவையும், ஜெனரேட்டருக்கு மணிக்கணக்கில் தனிக் காசா என்பதையும் கேட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள். உங்கள் குழு மிகப் பெரியது, அல்லது ஆளுக்கு இவ்வளவு என்று வசூலித்து நடத்துவது என்றால், பி.எல்.எம். அலுவலகத்தில் அனுமதி வேண்டுமா என்று முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, கிளம்பும் நாள். நீண்ட வார இறுதியில் எல்லோரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு டம்ப் ஸ்டேஷனில் வந்து நிற்பார்கள். கிளப்பின் பதினோரு வண்டியும் சேர்ந்து போனால் பின்னால் நிற்பவர்கள் நம்மைச் சபிப்பார்கள். நாங்கள் நேரம் பிரித்துக் கொடுத்தோம்: தூரம் போகிறவர்கள் விடியற்காலை, ஃபீனிக்ஸ்காரர்கள் மதியத்துக்கு மேல், அவசரம் இல்லாதவர்கள் திங்கள். கிளாஸ் ஏ குடும்பங்கள் சனிக்கிழமையே லாரியைக் கூப்பிட்டுத் தொட்டியைக் காலி செய்துவிட்டதால் வரிசைக்கே வரவில்லை. வேகன் மாஸ்டர் கடைசியாகத்தான் கிளம்ப வேண்டும். சாம்பலில் தண்ணீர் ஊற்றி, கையால் தொட்டு ஆறிவிட்டதா என்று பார்த்து, முளைக்குச்சி அடித்த குழிகளை மூடி, விட்டுப்போன ஆணிகளைப் பொறுக்கிக்கொண்டு நாங்கள் திங்கள் மதியம் போனபோது டம்ப் ஸ்டேஷனில் எங்களுக்கு முன்னால் இரண்டே வண்டிகள்.